அவங்கவங்க கைப்பிடி

ஜூன் 6

என் தாடிக்காரருக்கு,

லெட்டர்னா பேர் எழுதித்தான் ஆரம்பிக்கணும்னு பெரியவன் சொல்றான். உங்க பேரை எழுதிப் பார்த்தேன். யாரோ ஆபீசருக்கு மனு எழுதற மாதிரி இருந்துச்சு, அடிச்சுட்டேன். தாடின்னே இருக்கட்டும். தாடி இன்னும் இருக்கா, இல்ல நெருப்புப்பொறி படும்னு மழிக்கச் சொல்லிட்டாங்களா?

போன்ல பேச வேண்டாம்னு சொன்னதுக்குக் கோபப்படாதீங்க. போனை எடுத்தா ரெண்டு பேரும் அழறோம். நீங்க அங்க அழ, நான் இங்க அழ, காசு கொடுத்து அழற மாதிரி இருக்கு. லெட்டர்னா பாதியில அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வந்து மிச்சத்தை எழுதலாம். நான் அஞ்சாவதோட நின்னவ. தப்பு இருந்தா நீங்களே திருத்திப் படிச்சுக்குங்க.

விஷயம் என்னன்னா, ஜனவரியில சின்னது போனப்ப உங்களை விடல. இப்ப போனா வேலை போயிடும்னு சொல்லிட்டாங்க. கடைசியா அவ முகத்தை நீங்க பார்க்கல. வருஷம் திரும்பறதுக்குள்ளயாவது வந்து, அவளை வச்ச இடத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க. கம்பெனி லீவு தரும், பிளேன் டிக்கெட் தராதுன்னு சொன்னீங்கல்ல? டிக்கெட்டை நான் பார்த்துக்கறேன். நீங்க அனுப்பறதுலயும் என் சம்பளத்துலயும் வாடகை, ஸ்கூல், கரண்ட் எல்லாம் கை வைக்க முடியாத காசு. கை வைக்கக்கூடியது சாப்பாடு ஒண்ணுதான். பால்பவுடர் டப்பா ஒண்ணைக் கழுவி அலமாரி மேல வச்சிருக்கேன். அடுப்புல மிச்சம் பிடிக்கறது எல்லாம் அதுக்குள்ள போகுது. பெரியவன் அதுக்கு "அப்பா டப்பா"ன்னு பேர் வச்சிருக்கான்.

கடையில வாங்கித் திங்கறதை அடியோட நிறுத்தியாச்சு. சலவைக்கூடத்துல மத்தவங்க டீ, பன்னுன்னு கிளம்பறப்ப நான் இஸ்திரி மேசையிலயே டப்பாவைத் திறந்துடுவேன். ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய சட்டி நிறைய பயறு வேக வைக்கறேன். வெந்த தண்ணியைக் கொட்டறதில்ல, வெங்காயம் வதக்கிப் போட்டா திங்கக்கிழமைக்கு சூப்பு. பயறுல பாதி உருளைக்கிழங்கோட சேர்ந்து ரெண்டு நாள் வரும். மிச்சத்தை மசிச்சு, மாவுல பிசைஞ்சு, தட்டிச் சுட்டா பெரியவன் ஸ்கூல் டப்பாவுக்கு ஆச்சு. காய்க்காரம்மா கடை கட்டற நேரத்துக்குப் போனா வாடினது எல்லாம் பாதி விலை. "உனக்காகவே வாட வச்சிருக்கேன் தாயி, எடுத்துக்கோ"ன்னு கிண்டல் பண்றா. பண்ணட்டும்.

பருப்பு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைச்சுடறேன். சட்டியை மூடி, பழைய கம்பளியில சுத்தி மூலையில வச்சுட்டு வேலைக்குப் போனா, வர்றதுக்குள்ள தானா வெந்திருக்கு. கேஸ் பாதிதான் ஆகுது. கம்பளியைப் பார்த்துட்டு பெரியவன், "என்னம்மா, பருப்புக்குக் காய்ச்சலா?"ன்னு கேட்டான். கேட்டுட்டு, சின்னதுக்கு வந்த காய்ச்சல் ஞாபகம் வந்து, அவனே வாயைப் பொத்திக்கிட்டான்.

நம்ம வீட்டுச் சட்டம் அப்படியேதான் இருக்கு. அவங்கவங்க அரிசியை அவங்கவங்க கைப்பிடியாலதான் சட்டியில போடணும், போட்டதைத் தின்னே ஆகணும். நீங்க போட்ட சட்டம். அதனாலதான் இந்த வீட்டுல சோறு மிஞ்சி நான் பார்த்ததில்ல.

உடம்பைப் பார்த்துக்குங்க.

உங்க,
நான்தான்


ஜூன் 29

என் கஞ்சம்மாவுக்கு,

தாடி பத்திரமா இருக்கு. வெல்டிங் முகமூடிக்குள்ள அடங்கற அளவுக்கு வெட்டி வச்சிருக்கேன். வெள்ளை எட்டிப் பார்க்குது, நீ பார்த்தா சிரிப்பே.

உன் லெட்டரை ரூம்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன், சமையல் பாகத்தை மட்டும். மத்ததைப் படிக்கல.

நானும் மெஸ்ஸை நிறுத்திட்டேன். ஆறு கட்டில் ரூம்ல நாலு பேர் சேர்ந்து சமைக்கறோம். கம்பளி வித்தையைச் செஞ்சு பார்க்கலாம்னு பருப்புச் சட்டியை என் போர்வையில சுத்திக் கட்டில்ல வச்சுட்டு டியூட்டிக்குப் போனேன். ஷிப்ட் முடிஞ்சு வந்த பக்கத்துக் கட்டில்காரன், குறட்டைன்னுதான் கூப்பிடுவோம், நான்தான் இழுத்துப் போர்த்திப் படுத்திருக்கேன்னு நினைச்சு, "எந்திரிய்யா, நேரமாச்சு"ன்னு சட்டியைத் தட்டியிருக்கான். மூடி கழண்டு பருப்பு பூரா மெத்தையில. அன்னைக்கு ராத்திரி நான் பருப்புலதான் தூங்கினேன். நம்ம பக்கத்துத் தெருவுலேர்ந்து இங்க வந்திருக்காரே கிரேன்காரர், அவர் சொல்றார், "உன் பொண்டாட்டி கெட்டிக்காரிதான், ஆனா அவ சொல்றதைச் செய்ய உனக்குக் கை போதாதுப்பா"ன்னு.

நம்ம கைப்பிடிச் சட்டத்தையும் இங்க கொண்டு வந்தேன். குறட்டை ரெண்டு கையாலயும் அள்ளிப் போடறான். கேட்டா, "ரெண்டும் என் கைதானே?"ங்கறான். கோர்ட்டுக்குப் போனா அவன்தான் ஜெயிப்பான்.

டப்பாவுக்காக நீ உன் வயித்தைக் காயப்போடாத. பெரியவன் வளர்ற பையன். நான் இந்த மாசம் ஓவர்டைம் பார்க்கறேன். நவம்பர்ல லீவு எழுதிக் கொடுக்கலாம்னு போர்மேன் சொல்லியிருக்கார்.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இப்ப வேண்டாம், அடுத்த தடவை கேக்கறேன்.

தாடி


ஆகஸ்ட் 18

என் தாடிக்காரருக்கு,

லெட்டர் போட நாளாயிடுச்சு. சலவைக்கூடத்துல ரெண்டு பேர் நின்னுட்டாங்க. அவங்க பங்குப் படுக்கை விரிப்பையும் நான்தான் தேய்க்கறேன். கை மணிக்கட்டு வீங்கி, ஈரத்துணி கட்டிக்கிட்டு எழுதறேன். கோணலா இருக்கும்.

டப்பா நான் நினைச்ச மாதிரி நிறையல. முன்னாடியே சொல்லிடறேன், நம்பி ஏமாறாதீங்க. வெங்காயம் விலை ஏறிப்போச்சு. மாடிவீட்டு அக்காவோட சேர்ந்து மூட்டையா வாங்கிப் பாதி பாதி பிரிச்சுக்கறோம். பிரிக்கறப்ப அழுகினது எல்லாம் எப்படியோ என் பக்கமே வந்துடுது. பால்காரரும் ஏத்திட்டார், ரெண்டு பாக்கெட்டுக்கு மாசம் எவ்வளவு ஆகும்னு பாருங்க. பெரியவன் கைப்பிடியும் முன்ன மாதிரி இல்ல. அள்ளினா சட்டியில பொத்துன்னு விழுது.

மிச்சம் பிடிக்காம இல்ல. உருளைக்கிழங்கைத் தோலோடதான் போடறேன். முட்டைக்கோசுத் தண்டைப் பொடியா அரிஞ்சு வதக்கினா பெரியவனுக்கு வித்தியாசமே தெரியல. காஞ்ச ரொட்டியை முட்டையில நனைச்சுச் சுடறேன். ஒரு முட்டையில கொஞ்சம் மாவும் தண்ணியும் கலந்தா நாலு துண்டுக்கு வரும். மாடிவீட்டு அக்கா வாசனை பிடிச்சுட்டு வந்து, "தினமும் விருந்தா? புருஷன் அனுப்பறது எல்லாம் நாக்குக்கே போகுது போல"ன்னா. "ஆமாக்கா, முட்டைக்கோசுத் தண்டு விருந்து, உக்காருங்க"ன்னேன். உக்காந்து தின்னுட்டு, எப்படிச் செஞ்சேன்னு கேட்டுக்கிட்டுப் போச்சு.

எப்படியும் வருஷம் திரும்பறதுக்குள்ள டிக்கெட் சேர்ந்துடும். சேர்க்காம விட மாட்டேன்.

என்னமோ கேக்கணும்னு எழுதியிருந்தீங்க. என்ன அது?

உங்க,
நான்தான்


செப்டம்பர் 20

பெரியவன் அம்மாவுக்கு,

கிரேன்காரர் லீவு முடிஞ்சு போன வாரம் வந்தார். சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் மென்னு முழுங்கிட்டு, நேத்து டீக்கடையில வச்சுச் சொன்னார். கிளம்பற அன்னைக்கு விடியக்காலையில முதல் பஸ்ஸுக்கு நம்ம தெரு வழியா வந்தாராம். குழாயடியில நீ நின்னுக்கிட்டு, கிண்ணத்துல இருந்த சோத்தைச் சாக்கடையில கொட்டினியாம். ஒரு முழு முட்டையும் உருண்டு போச்சாம். அப்புறம் டம்ளர் பாலையும் ஊத்தினியாம். "கெட்டுப்போனதா இருக்கும்"னு அவருக்கு நான் சொன்னேன். ஆனா அவர் பொண்டாட்டி, தினமும் நடக்கறதுதான்னு அவர்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கா.

தினமும்.

இங்க நான் வெறும் பயறைத் தின்னுட்டு இரும்போட மல்லுக்கட்டறேன். போன மாசம் ஏணியில தலை சுத்தி உக்காந்துட்டேன், உனக்குச் சொல்லல. நீ அங்க முட்டைக்கோசுத் தண்டைக் கதை கதையா எழுதற. ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு எதுக்கு ரெண்டு பாக்கெட் பால்? அன்னைக்கே அந்த வரி எனக்கு உறுத்துச்சு. நீ எழுதினதாச்சேன்னு விட்டுட்டேன்.

நம்ம வீட்டுல ஒரு பருக்கை கீழ விழுந்தா எடுத்துக் கழுவித் தின்னவ நீ. உனக்கு என்ன வந்துச்சு? நான் வர்றது பிடிக்கலைன்னா நேரடியா எழுது. டப்பாவைச் சாக்கடையில ஊத்தாத.

பெரியவன் அப்பா


அக்டோபர் 3

பெரியவன் அப்பாவுக்கு,

கிரேன்காரர் சொன்னது நிஜம். கெட்டுப்போன சோறு இல்ல, நல்ல சோறுதான்.

நீங்க இப்படிக் கேட்டதுக்கு ஒரு வாரம் உங்களுக்கு எழுதவே கூடாதுன்னு இருந்தேன். வர்றது பிடிக்கலையான்னு கேட்டீங்களே, எந்தக் கையால எழுதினீங்க அதை? சரி, அதை விடுங்க. நடந்ததைச் சொல்றேன்.

அவளை வச்சுட்டு வந்த அன்னைக்கு மாடிவீட்டு அக்கா சோறு கொண்டு வந்தாங்க. மறுநாளும் அவங்கதான். அதுக்கு அடுத்த நாள் நானே எழுந்து அரிசி டின்னைத் திறந்தேன். பெரியவனைக் கூப்பிட்டேன், அவன் பிடியைப் போட்டான். என் பிடியைப் போட்டேன். போட்டுட்டு டின்னை மூடணும். மூட வரல. அவ எப்பவும் கடைசியா வருவா. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கையை விட்டு அரிசியைக் கொஞ்ச நேரம் அளைஞ்சு, நான் அதட்டினதும் ஒரு பிடி எடுப்பா. எடுத்ததுல பாதி விரல் இடுக்குல சிந்திடும். நான் அங்கயே நின்னுட்டு இருக்கேன். பெரியவனும் நிக்கறான். அவன் என்னையே பார்க்கறான். கடைசியில என் கையைப் பாதி மூடி, அவ பிடி அளவுக்கு எடுத்துப் போட்டேன். போட்டதும்தான் டின்னை மூட முடிஞ்சுது.

அப்படியே ஒட்டிக்கிச்சு. ஒவ்வொரு நாளும், நாளையோட நிறுத்திடலாம்னுதான் போடறேன். போட்டப்புறம் அதுக்கு ஒரு கிண்ணம் வேணும்ல? அவ கிண்ணத்துலயே வைக்கறேன். கடைசியா உடம்பு தேறட்டும்னு டாக்டர் தினம் ஒரு முட்டையும் பாலும் சொன்னார், அதையும் வைக்கறேன். பால்காரர்கிட்ட போய் ஒரு பாக்கெட் போதும்னு சொல்லணும். அவர் ஏன்னு கேப்பார். தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சதை, அவர் ஒருத்தருக்கு மட்டும் என் வாயால சொல்ல வராம ஓடி வந்துட்டேன். இன்னும் ரெண்டுதான் போடறார்.

அதைத் தின்னுடலாமே, எதுக்குக் கொட்டணும்னு கேப்பீங்க. எடுத்து வாயில வச்சுப் பார்த்தேங்க. இறங்கல. போட்டவங்கதான் தின்னணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? ஒரு தடவை பெரியவன் பசியில அந்த முட்டையை எடுத்துட்டான். அடிச்சுட்டேன். அவன் அழல. தட்டுல திரும்ப வச்சுட்டு, துண்டால கையைத் துடைச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே பார்க்கறதில்ல. விடிஞ்சதும், தண்ணி பிடிக்க ஆள் வர்றதுக்கு முன்னாடி, கொண்டுபோய்க் கொட்டிட்டு, கிண்ணத்தைக் கழுவிட்டு வந்துடுவேன்.

அழுகின வெங்காயத்துல நல்ல பாகத்தை அரிஞ்சு எடுக்கறதும் நான்தான், முழு முட்டையைக் கொட்டறதும் நான்தான். ரெண்டும் ஒருத்தியேதான். எனக்கே புரியல, உங்களுக்கு என்னன்னு புரிய வைக்கறது?

அந்தக் கிண்ணம் உங்க டிக்கெட்டைத் தின்னுதுன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் கொட்டறப்ப தெரியுது. இருக்கற உங்களைக் கூப்பிடறதா, போன அவளுக்குப் போடறதான்னு குழாயடியில நின்னு தினமும் யோசிக்கறேன். யோசிச்சுட்டு மறுநாள் மறுபடியும் போடறேன்.

இதுக்கு மேல திட்டணும்னா திட்டுங்க.

பெரியவன் அம்மா


நவம்பர் 9

கஞ்சம்மா,

நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். குறட்டை, "லவ் லெட்டரா?"ன்னு கேட்டான். ஆமான்னுட்டேன்.

கிண்ணத்தை நிறுத்தாத. பாலையும் நிறுத்தாத. அந்தக் காசு போனா போகட்டும்.

உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். டிக்கெட் காசு என்கிட்ட இருக்கு. ஓவர்டைம் பார்த்ததுல ஆகஸ்ட் மாசமே சேர்ந்துடுச்சு. கிரேன்காரர் கிளம்பினப்ப போர்மேன் என்னையும் கூப்பிட்டு, "நீயும் போயிட்டு வாய்யா"ன்னார். நான்தான் வேண்டாம்னுட்டேன். அப்புறம் உன்மேல அவ்வளவு கோபமா எழுதினேன். உன் டப்பா நிறையாத வரைக்கும் நான் வராததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அது உன்னால நிறையாமப் போனா எனக்கு இன்னும் வசதி. அதான் அப்படிக் கத்தினேன். ஆம்பளைக்கு இது அழகா? இல்ல. ஆனா அதுதான் நிஜம்.

நான் கிளம்பறப்ப அவளுக்கு நாலு வயசு. வாசல்ல வந்து என் கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டா. அந்தக் கைக்கு என் ஒரு விரல்தான் கொள்ளும். எனக்குத் தெரிஞ்ச கை அது ஒண்ணுதான். அப்புறம் மூணு வருஷம் போன்ல குரல் கேட்டேன், படம் பார்த்தேன். ஜனவரியில அதுவும் நின்னுச்சு. நின்னுச்சே தவிர, எனக்கு எதுவும் போகல. இங்க இருக்கற வரைக்கும் அவ அங்க ஸ்கூலுக்குப் போயிட்டு வர்றா. நான் வந்து வாசல்ல கால் வச்சா, அன்னைக்குத்தான் அவ செத்துப்போவா. அதனால வரல. இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

நீயாவது அங்க அவளுக்குப் போடறியே. போட்டுக்கிட்டே இரு.

கேக்கணும்னு சொன்னேனே, அது இதுதான்: ஏழு வயசுல அவ கைப்பிடி எவ்வளவு இருந்துச்சு? பாதி மூடின உன் கைன்னு நீயே எழுதிட்ட. அன்னைக்கு ராத்திரி ரூம்ல எல்லாரும் தூங்கினதும் என் கையை மூடி மூடிப் பார்த்தேன். என் கை பெருசு. வரல.

தாடி


டிசம்பர் 1

என் தாடிக்காரரே,

உங்க லெட்டரை சலவைக்கூடத்துல வச்சுப் பிரிச்சேன். இஸ்திரிப் பெட்டியை விரிப்பு மேலயே வச்சுட்டேன், தீஞ்சுபோச்சு. சம்பளத்துல பிடிப்பாங்க. அதுக்கும் சேர்த்து உங்களைத் திட்டணும்னுதான் உக்காந்தேன். வரல.

காசை மறைச்சதுக்கு எனக்குக் கோபம் இல்லீங்க. ஆனா நீங்க ஆசைப்படற மாதிரி நான் போட்டுக்கிட்டே இருக்க முடியாது. ஏன்னு சொல்றேன்.

போன செவ்வாய்க்கிழமை. உருளைக்கிழங்கு வெந்துட்டு இருந்துச்சு. அரிசி டின்னைத் திறந்தேன். பெரியவன் வந்து அவன் பிடியைப் போட்டான். வழக்கமா போட்டதும் போயிடுவான், நான் அவளுக்கு எடுக்கறதை நின்னு பார்க்க மாட்டான். அன்னைக்குப் போகல. நான் என் பிடியைப் போட்டுட்டு, கையைப் பாதி மூடி மறுபடியும் உள்ள விட்டேன். அவன் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தான்.

"அம்மா, அது அவளுக்குப் பத்தாது"ன்னான்.

எனக்குப் புரியல. "என்னடா?"ன்னேன்.

"அது போன வருஷத்துக் கைம்மா. எனக்குச் சட்டை பத்தல, செருப்பு பத்தல, நீயே என் பிடி பெருசாயிடுச்சுன்னு சொன்ன. அவ இந்நேரம் மூணாவது போயிருப்பா. இன்னும் குட்டிக் கையாலயே போட்டுட்டு இருக்க. பசிக்காதா அவளுக்கு?"

கிண்டலா சொல்லலீங்க. அழவும் இல்ல. கணக்குல தப்பைக் காட்டற மாதிரி சொன்னான். இத்தனை மாசமா அவன் அந்தப் பக்கம் பார்க்கலைன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். அவனும் தினமும் அளந்துக்கிட்டேதான் இருந்திருக்கான்.

கை டின்னுக்குள்ளயே இருக்கு. கொஞ்சம் திறந்து பார்த்தேன், இவ்வளவு இருக்குமான்னு. இன்னும் கொஞ்சம் திறந்தேன். எனக்குத் தெரியல. பெத்தவளுக்கு அவ கை அளவு தெரியல. என் விரல்ல இருந்தது எல்லாம் திரும்ப டின்னுக்குள்ளயே சிந்திடுச்சு. வெறுங்கையை வெளிய எடுத்தேன். எடுத்து மூடிட்டேன்.

அன்னைக்கு ரெண்டு பேருக்குத்தான் சோறு. முட்டையை வேக வச்சு, பெரியவன் தட்டுல வச்சேன். அவன் தொடாம என் முகத்தைப் பார்த்தான். "தின்னுடா"ன்னேன். "நிஜமாவா?"ன்னான். அந்தக் கேள்விக்கு நான் எத்தனை காலம் கடன்பட்டிருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது. அவன் பக்கத்துல உக்காந்து, தலையைத் தடவிக்கிட்டே இருந்தேன். பாதியைப் பிச்சு என் வாயில வச்சான். இறங்குச்சுங்க.

மறுநாள் பால்காரர்கிட்ட போய் நின்னேன். "ஒரு பாக்கெட் போதும்ணே"ன்னேன். அவர் எதுவும் கேக்கல. "சரிம்மா"ன்னு சொல்லி, கையில எடுத்த ரெண்டாவது பாக்கெட்டைத் திரும்பக் கூடையில வச்சார். அவ்வளவுதான். அதுக்கு நான் பத்து மாசம் பயந்திருக்கேன்.

இங்க வந்தா அவ செத்துப்போவான்னு எழுதியிருக்கீங்க. அவ செத்துட்டா. நீங்க வராததால நான் ஒருத்தியே அதைச் சுமக்கறேன். நான் ஒருத்தி மட்டும்கூட இல்ல, பத்து வயசுப் பிள்ளை பாதியைச் சுமக்கறான், உங்க பங்கை. வாங்க. அடுத்த வருஷம் எல்லாம் இல்ல, வருஷம் திரும்பறதுக்கு முன்னாடி வாங்க. டப்பாவைத் திறக்கப் போறேன். உங்ககிட்ட டிக்கெட் காசு இருக்குன்னா, இதுல பெரியவனுக்குச் செருப்பு வாங்கறேன்.

ஒண்ணே ஒண்ணு. செவ்வாய்க்கிழமைலேர்ந்து பெரியவன் தினமும் என்கிட்ட கேக்கறான், ராத்திரி படுத்தப்புறமும் கேக்கறான். எனக்குப் பதில் தெரியல. நீங்க அவளை நாலு வயசுக் கையோட வச்சிருக்கீங்க, நான் ஏழு வயசுக் கையோட வச்சிருக்கேன். உங்களுக்கும் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் கேக்கறேன். இருந்திருந்தா, இந்நேரம் அவ கை எவ்வளவு வளர்ந்திருக்கும்?